நான்காம் எண் பிரஸ் சரிசெய்யப்பட்டதாக எழுதியது பற்றி

பெயர் ஜோவிதா, வயது 43, கணவர் பெயர் ஆம்ப்ரோஸ், லிங்கராஜபுரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். பீன்யாவில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். அங்குள்ள பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் தரப்பு உறுப்பினர். காவல் நிலைய விசாரணையில் நான் தமிழில் சொல்ல, காவலர் கோவிந்தராஜன் எழுதிக்கொண்டதாவது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் குழு கூடும். கூடும் என்றால், மேனேஜர் சேஷகிரி வருவார், பேனர் கட்டி போட்டோ எடுப்பார்கள், ஆளுக்கு ஒரு பஃப்ஸும் டீயும் வரும், அதன் பிறகு போன கூட்டத்தின் குறிப்பில் தேதியை மட்டும் மாற்றி அடித்து வைத்திருப்பதில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவோம். பேச வேண்டியதை டீ ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும்.

சென்ற ஜூன் கூட்டத்தில் நான்காம் எண் பிரஸ் பற்றிச் சொன்னேன். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அது இறங்க வேண்டும். இடது பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்வதால் ஒரு கையாலேயே இறங்குகிறது என்றேன். சேஷகிரி உடனே 'சரிசெய்யப்பட்டது' என்று குறிப்பில் சேர்க்கச் சொன்னார். இன்னும் யாரும் தொடவே இல்லையே சார் என்று கேட்டேன். அதற்கு அவர், "நாளைக்கு ஃபிட்டர் வந்துடுவாரும்மா. பாக்கின்னு எழுதினா ஆடிட்டுக்கு வர்றவங்க நூறு கேள்வி கேப்பாங்க. சும்மா எதுக்கு தலைவலி, சைன் பண்ணுங்க" என்றார். எங்கள் குழுவில் எதையும் பாக்கி என்று எழுதுவதில்லை. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே நடந்ததாக எழுதுவதுதான் வழக்கம். நானும் போட்டேன்.

ஃபிட்டர் வரவில்லை. அதன் பிறகு மெயின்டனன்ஸ் பிரிவுக்கு மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அங்கிருந்த முகேஷ் அந்தக் குறிப்பையே எடுத்துக் காட்டி, "முடிஞ்சுதுன்னு நீங்களே சைன் போட்டிருக்கீங்கக்கா. முடிஞ்ச வேலைக்கு நான் எப்படி ஆள் அனுப்பறது?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 19 காலை பதினொன்றரை மணிக்கு அந்த மெஷினில் விஜி, வயது 24, இடது கையால் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வலது கை பட்டனில் பட்டு, பிரஸ் இறங்கி, மூன்று விரல்கள் போய்விட்டன. கீழே கிடந்த கிளவுஸை நான்தான் எடுத்தேன். அது காலியாக இல்லை. கம்பெனி வண்டி யாரையோ அழைத்துவர ஏர்போர்ட் போயிருந்ததால் விஜியை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாளே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். குழு அமைத்த நாளிலிருந்து எல்லோரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்த கூட்டம் அது ஒன்றுதான். பட்டன் ஜூனிலேயே சரிசெய்யப்பட்டது, சீக்கிரம் வேலையை முடிக்க விஜியே அதை டேப் ஒட்டி அமுக்கி வைத்தாள் என்று தயாராக அடித்து வைத்திருந்தார்கள். ஆதாரமாக என் கையெழுத்துள்ள குறிப்பை இணைத்திருந்தார்கள். நான் ஒப்புக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். தப்பு அவள் மேல் என்று முடிந்தால் வேலையும் போகும், நஷ்டஈடும் கிடைக்காது.

விஜி டேப் ஒட்டவில்லை. அந்தப் பட்டனை ஒருநாளும் யாரும் சரிசெய்யவில்லை. நான் ஒப்பமிட்ட ஜூன் குறிப்பு பொய். ஆஸ்பத்திரி கேட் வரை இரண்டு முறை போய்த் திரும்பி வந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளைப் பார்ப்பது.

எழுதியதை முழுக்க வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. இதனால் என்மேலும் வழக்கு வரலாம் என்று சொன்னார்கள். வரட்டும்.

(ஒப்பம்)
ஜோவிதா