கையிருப்பு என்று நான் எழுதிய விதை

ஓடிக்கொண்டிருக்கிறேன். வைகாசி மாதம், புதன்கிழமை, காலை ஏழு மணி. விடாத கோடை மழை. மேலே கடகடவென்று ஒரு சத்தம். அப்புறம் மரங்கள் முறிகிற சத்தம். எனக்கு முன்னால் அண்ணி பொன்னி ஓடுகிறாள். அவளுக்கு ஆறாம் மாதம். பின்னாலிருந்து அண்ணன் கத்துகிறான்.

"நிக்காத! மண்ணு வருது, ஓடு!"

பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறி நின்று தலை எண்ணினோம். பத்தொன்பது வீட்டாரும் இருந்தோம். வீடுகளும் தப்பியிருந்தன. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்துக்கு இறங்குகிற ஒரே பாதையைத்தான் காணோம். தப்பித்தோம் என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

நான் கணக்கெடுப்புக்காரி. நாட்டில் எந்த ஊருக்குச் சோறு எத்தனை நாள் தாங்கும் என்று அளக்கிற வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே வீடுகள், அதே கேள்விகள். நாலு வருடமாகக் கேட்கிறேன். பதிலைப் பார்த்து ஊருக்கு நிறம் போடுவார்கள். சிவப்பு என்றால் ஆபத்து நேரத்தில் அரிசி முதலில் வரும். பச்சை என்றால் கடைசியில்.

எங்கள் மலையில் விதைச் சாமையைச் சாம்பல் கலந்து கூடையில் கொட்டி, வாயை மண்ணால் பூசிவிடுவோம். விதைப்புப் பூசை வரை திறக்க மாட்டோம். விதை இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். மாசியில் நான் கணக்கெடுக்கப் போனபோது தின்கிற சாமை எல்லா வீட்டிலும் தீர்ந்திருந்தது. கையிருப்பு ஒன்றுமில்லை என்று எழுதப் போனேன். பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லாத வூடுன்னு எழுதிக்கினு போவாத. கூடை ரொம்பிதான் இருக்குது. எழுது."

விதைக்குத் தாளில் தனி இடம் இல்லை. கையிருப்பில் எழுதினேன். அவளுக்கு எழுதியதை மற்றவர்களுக்கு மறுக்க முடியவில்லை. நாலு வருடம் சிவப்பாக இருந்த ஊர் பச்சையானது. ஊர் தேறிவிட்டது என்று மேலதிகாரி பாராட்டினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் ரேஷன் அரிசி தீர்ந்தது. மேட்டில் சிக்னல் கிடைத்ததும் ஆபீசுக்குப் போன் போட்டேன். கையிருப்பு இருக்கிறதே, சிவப்பு ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றார்கள். அது விதை, தின்கிறதில்லை என்று அழுதேன். அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எழுதினது நீங்கதானம்மா."

ஐந்தாம் நாள், மதியம். டொக். பொன்னி உலக்கையால் கூடை வாயை உடைக்கிறாள். பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது வீட்டிலும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. சாம்பலை அலசி அலசிக் கஞ்சி வைத்தோம். பல்லில் நறநறத்தது. பொன்னியின் அப்பா மட்டும் தொடவில்லை. விதையைத் தின்ற வாயோடு எந்த நிலத்தில் இறங்குவது என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

எட்டாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை பொன்னிக்கு வலி கண்டது. ஜீப் இறங்க வழியில்லை. பதினோராம் நாள் அரிசி மூட்டைகள் தலைச்சுமையாக வந்தன. நல்ல அரிசி.

கணக்கு இது. காலியான விதைக்கூடைகள் பத்தொன்பது. ஆனியில் விதைத்த வீடு ஒன்றுமில்லை. குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் பதினொரு வீட்டார். திரும்பியவர்கள் இரண்டு வீட்டார். செத்தவர்கள் இரண்டு பேர். பொன்னியின் அப்பா சின்னையன். பொன்னியின் பெண் குழந்தை, பெயர் வைக்கவில்லை.

பொன்னி என்னோடு பேசுவதில்லை. நான் எழுதியதால்தான் அரிசி வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறாள். அவள் சொல்லித்தான் எழுதினேன். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.