பித்தளைத் தகட்டில் ஒரு வருஷம்

முதலில் காபியைக் குடியுங்கள். ஆறின காபியை வைத்துக்கொண்டு எந்த நியாயமும் பேச முடியாது. சமுதாயக் கூடக் கமிட்டியே திரண்டு என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மறைக்க மாட்டேன். காயாரோகணம் மழுப்பினான் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது.

பழைய ராணுவத் துப்பாக்கி உதிரிகள்மேல் எனக்குள்ள பைத்தியம் பூதலூர்வரை பிரசித்தம். காயலான் கடையில் ஒரு துப்பாக்கி விசை கிடைத்தால் போதும், பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவேன். கிரீடம் பொறித்திருந்தால் வெள்ளைக்காரன் காலம். சிங்கம் இருந்தால் நம் காலம். அம்புக்குறி பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துக்கு அடையாளம். "கட்டின பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?" என்பாள் என் மனைவி தங்கம்மாள். பார்த்ததில்லைதான்.

அதனால்தான் வைரக்கண்ணுவின் தகட்டை என்னிடம் கொடுத்தீர்கள். அவன், சரி, அவர் அப்பா பக்கிரி எங்கள் பண்ணையாள். மலேயாவுக்குப் பிழைக்கப் போய், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, சண்டை முடிந்து திரும்பினபோது கொண்டுவந்தது அந்தத் தகடு ஒன்றுதான். துப்பாக்கிக் கட்டையின் அடியில் திருகுகிற பித்தளை. கூடத்து வாசலில் தியாகி என்று பக்கிரி பெயரை வெட்டுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். நல்ல பழக்கம்.

பார்த்தேன். அம்புக்குறி இருந்தது. கிரீடம் மழுங்கியிருந்தது, ஆனாலும் இருந்தது. சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன துப்பாக்கிகள்தான் அந்தப் படைக்குப் போயின. பக்கிரி சொன்னதற்கு ஒரு குறியும் மாறாக இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்களே யோசியுங்கள். நாளைக்கு என் பேத்தி கல்யாணம் அந்தக் கூடத்தில் நடக்கும். வாசலில் பக்கிரி பெயர். பொங்கலுக்குப் பொங்கல் என் அப்பா கையால் வேட்டி வாங்கின ஆள். அந்தப் பெயருக்கு அடியில் நான் நுழைய வேண்டும். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா?

தஞ்சாவூர் கீழவாசலில் எண் அச்சு வாங்கிவந்தேன். சுத்தியலால் நாலு தட்டு: 1952. கிரீடத்துக்கும் அந்த வருஷத்துக்கும் ஒத்துவராது என்பது உங்களில் யாருக்குத் தெரியும்? பிறகு உங்கள் கூட்டத்தில் எழுந்து, "சண்டை முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சுச் செஞ்ச தகடுங்க இது" என்றேன்.

வைரக்கண்ணு சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "நீங்க பாத்தா சரியாத்தாங்க இருக்கும். எங்கப்பா என்கிட்டயே பொய் சொல்லிட்டாரு" என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்கே அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாராம். இப்போது யாரோடும் பேச்சில்லை, சோறும் இறங்கவில்லை என்கிறார்கள். வயதானால் அப்படித்தான், எனக்கும் பசி குறைவு.

நான் கோட்டை விட்டது புளியில். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அந்தத் தகட்டைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் வைத்து, டிராக்டர் பக்கத்தில் வைப்பார்களாம். அவர் மகள் செந்தாமரை, பேங்க் மேனேஜர், சற்றுமுன் அதை விரலால் தடவிவிட்டுக் கேட்டாளே: "வருஷா வருஷம் நாந்தான் விளக்குறேன். அம்பு தேஞ்சுருக்கு, கிரீடம் தேஞ்சுருக்கு. நான் பாத்தே இராத இந்த 1952 மட்டும் எப்படிங்க விரலைக் கீறுது?" துப்பாக்கித் தகட்டைக் குத்துவிளக்குபோல் விளக்குகிறவர்கள் உண்டு என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன், அடித்தது நான்தான். பெயரை வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சாதி பார்த்துச் செய்தேன் என்று மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. இதோ, செந்தாமரையும் உங்களுக்குச் சமமாக நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தங்கம்மாள் கலந்த அதே காபிதான் அவளுக்கும். உங்களுக்கெல்லாம் பித்தளை டவரா, அவளுக்குக் காகிதக் கப். கழுவுகிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.