லீஸ்காவின் முன்னங்கால்

— இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டேன், பிசேரா.

— சனி. வந்ததுல இருந்து இது மூணாவது கேள்வி. முதல்ல உங்க பொண்டாட்டி பேரக் கேட்டீங்க. அப்புறம் நான் ஓட்டுற டிராம் நம்பர். என்ன ரங்கேல் அண்ணே, இந்த மலைக்குடில்ல தனியா கெடந்து மறதி வந்துடுச்சா?

— வந்தா வந்துட்டுப் போகுது. டிராம் நம்பர நீ இன்னும் சொல்லல.

— அஞ்சு. சோஃபியாவுல பதினெட்டு வருஷமா அஞ்சாம் நம்பர் டிராம்தான் ஓட்டுறேன். போதுமா?

— போதும், போதும். அந்தக் கம்பளிய இன்னும் மேல இழுத்துப் போத்திக்கோ. சூப்பு ஆறுது பாரு.

— ரெண்டு கிண்ணம் பீன்ஸ் சூப்பு உள்ள போயாச்சு. எட்டுப் பேர் கூடத்துல உக்காந்திருக்காங்க. அவங்கள கூட்டிட்டு வந்தவ நான். என்னைய மட்டும் அடுப்படியில பிடிச்சு உக்கார வெச்சிருக்கீங்க. நான் அங்க போய் ஒரு விஷயம் பேசணும்.

— அப்படி என்ன அவசரம்?

— வெலிச்கோவ நம்ம மலையேறுற சங்கத்துல இருந்து எடுக்கப் போறேன். எல்லார் முன்னாடியும் சொல்லித்தான் எடுக்கணும்.

— ஒன்பது வருஷமா உன் கூட மலை ஏறுற மனுஷன்.

— அதனாலதான் வயிறு எரியுது. கேட்டுக்கோங்க, நடந்தத அப்படியே சொல்றேன். அப்புறம் நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

— சொல்லு. மெதுவா, ஒண்ணு விடாம சொல்லு.

— விடியறதுக்குள்ள இங்க இருந்து கிளம்புனோமா? ஒன்பது பேர், மூணு நாய். ராத்திரி பூரா கொட்டின புதுப் பனி. பனிச்செருப்பு மட்டும் இல்லேன்னா இடுப்பு வரைக்கும் புதைஞ்சிருப்போம். அதக் கட்டிக்கிட்டும் முழங்கால் வரைக்கும் உள்ள போச்சு. ஒக்னியானோட நாய் பால்கான் இருக்கே, கன்னுக்குட்டி மாதிரி, அதுவே நெஞ்சால பனியத் தள்ளித் தள்ளித்தான் நடந்துச்சு.

— முன்னாடி யாரு போனது? மாத்தி மாத்தித்தானே பாதை போட்டீங்க?

— நான்தான். மாத்திக்கலாம்னு ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. நான் விடல.

— அஞ்சு மணி நேரமுமா?

— அஞ்சு மணி நேரமும். குளிர்காலத்துல இந்த உச்சிக்கு எனக்கு இது மூணாவது முயற்சி அண்ணே. ரெண்டு தடவ காத்து திருப்பி அனுப்பிடுச்சு. இன்னைக்கு வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. விடுவேனா?

— முந்தின நாள் தூங்கினியா?

— ராத்திரி ட்யூட்டி முடிச்சு நேரா பஸ் ஏறி வந்தவ நான். சாயங்காலம் இங்க வந்து படுத்தா, பக்கத்துக் கட்டில்ல குறட்டை. அது பழகினதுதான். சரி, கதைக்கு வர்றேன். மரக்கூட்டம் முடிஞ்சு வெட்டவெளிக்கு வந்ததும் காத்து ஆரம்பிச்சுது. அந்தச் சின்னப் பொண்ணு கலினாவுக்குப் பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. என் பையில இருந்த கனத்த கோட்ட அவளுக்குக் குடுத்தேன்.

— அப்ப உனக்கு?

— எனக்கு எதுக்கு? வேர்த்துச் சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் ஒரே சூடு. ஜாக்கெட்ட நானே தொறந்து விட்டுட்டேன். இடது கையுறைய எங்க விட்டேன்னுகூட இப்ப ஞாபகம் வரல, அவ்வளவு மும்முரம்.

— ம். மேல சொல்லு.

— உச்சிக்கு நூத்தைம்பது மீட்டர்தான் பாக்கி. இரும்புக் கம்பம் கண்ணுக்குத் தெரியுது. அங்க வெச்சு வெலிச்கோ கத்துறாரு, தன் நாய் லீஸ்காவால முன்னங்கால ஊன முடியலன்னு. விரலுக்கு நடுவுல பனிக்கட்டி இறுகி ரத்தம் வருதாம். ஒன்பது கிலோ நாய். தூக்கிக்கிட்டு வாங்கன்னா, மாட்டேங்கிறாரு. நாய் நடுங்குது, இப்பவே எறங்கணும்னு பனியில உக்காந்துட்டாரு. அறுபத்தாறு வயசு மனுஷன், சின்னப் பிள்ளையாட்டம்.

— மத்தவங்க ஒண்ணும் சொல்லலயா?

— ஒக்னியான் பிடிச்சுக்கிட்டான். ஒரு நாய்க்காக ஒன்பது பேர் திரும்பணுமா, வயசாச்சுன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானேன்னு வாய்க்கு வந்தபடி கேட்டுட்டான். நான்தான் நடுவுல புகுந்து அடக்கினேன். சேர்ந்து ஏறுனா சேர்ந்து எறங்கணும், பிரியக் கூடாது. அது நானே போட்ட சட்டம். என் வாயாலயே எறங்கச் சொன்னேன் அண்ணே. அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— கஷ்டமாத்தான் இருந்திருக்கும்.

— அதோட விட்டாரா? தன் பையில எடமில்லயாம். நாய என் சட்டைக்குள்ள விட்டு, மேல தன்னோட கோட்டப் போட்டு ஜிப்ப இழுத்து மூடினாரு. தேன் போட்ட டீ ஒரு ஃப்ளாஸ்க் நிறைய இருந்துச்சு, பை கனக்குது, குடிச்சுக் காலி பண்ணுன்னு அவ்வளவையும் என்னையக் குடிக்க வெச்சாரு. கலினா வேற, பயமா இருக்கு, கயிறப் போட்டு என்னைய உங்களோட கட்டிக்கிறேன்னு ஒரே பிடிவாதம். முன்னாடி அவ, பின்னாடி நான், நெஞ்சுல நாய். இப்படியே ரெண்டு மணி நேரம் எறங்கினேன்.

— நாய் சும்மா இருந்துச்சா?

— அசையவே இல்ல. மூக்க என் கழுத்துல வெச்சுக்கிட்டுத் தூங்கிடுச்சு. பாவம் அது என்ன பண்ணும், அதோட எசமான் மேலதான் எனக்குக் கோவம். அடிபட்ட காலோட... இருங்க. ஜன்னல் வழியா பாருங்க. முற்றத்துல பால்கான் கூட ஓடுதே, அது லீஸ்காதானே?

— எங்க?

— அதோ, விறகுக் குவியல் பக்கத்துல. நாலு காலும் ஊனி ஓடுது. நொண்டவே இல்ல. நீங்க அந்தக் காலப் பாத்தீங்களா?

— பாத்தேன்.

— புண்ணு இருந்துச்சா?

— உக்காரு பிசேரா. எந்திரிக்காத.

— இருந்துச்சா, இல்லையா?

— இல்ல. ஒரு கீறல்கூட இல்ல.

— அப்ப பொய். நெஞ்சறிஞ்ச பொய். தன்னால ஏற முடியலன்னு சொல்ல வெக்கப்பட்டு, வாயில்லா ஜீவன் மேல பழியப் போட்டிருக்காரு. விடுங்க கைய. இப்பவே போய்க் கேக்கறேன்.

— கேக்கலாம். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு, ஆனா இனி மறைக்க முடியாது. வந்ததும் நேரா என்கிட்டதான் வந்தாரு. பிசேராவ அடுப்புக்குப் பக்கத்துல வை, சூடா இனிப்பா குடு, தூங்க விடாத, அப்பப்ப ஏதாவது கேட்டுப் பாரு, பதில் குழறினா உடனே மீட்புக்காரங்களுக்குப் போன் போடுன்னாரு.

— எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்.

— இப்ப நல்லா இருக்க. மேல வெச்சு உனக்கு நாக்கு குழறிச்சு. உச்சி வலப்பக்கம் இருக்கு, நீ இடப்பக்கம் பள்ளத்தப் பாத்து ரெண்டு தடவ திரும்பின. கையுறையக் கழட்டி நீயேதான் தூக்கிப் போட்ட. குளிர் உள்ள எறங்கிட்டாத்தான் உடம்பு சுடற மாதிரி தோணும், அது உனக்கே தெரியும். நீதான் வருஷா வருஷம் புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்குற.

— அப்படி இருந்தா நேரா சொல்லியிருக்கணும். எனக்குப் புரியாதா?

— சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு.

— இல்ல. என்கிட்ட யாரும் சொல்லல.

— முதல் தடவ சிரிச்சிட்டு இன்னும் வேகமா ஏறின. ரெண்டாவது தடவ உன் தோளப் பிடிச்சு நிறுத்தினாரு. நீ அவர் மூஞ்சியப் பாத்து, "அம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்"னியாம்.

— அவரையா?

— அவரைத்தான். அதுக்கு மேல எத நேரா சொன்னாலும் உனக்கு ஏறாதுன்னு புரிஞ்சுபோச்சு. நாய்க்கு முடியலன்னா மட்டும் நீ எறங்குவேன்னு அவருக்குத் தெரியும். உன் நெஞ்சுல சூடு வேணும்னுதான் நாய உள்ள விட்டாரு. கயிறு, நீ மறுபடி பள்ளத்துப் பக்கம் போயிடாம இருக்கத்தான். கலினாவுக்கு ஒரு பயமும் இல்ல.

— நான் அவர அம்மான்னு கூப்பிட்டத யாரெல்லாம் கேட்டாங்க?

— எல்லாரும்தான்.

— ஒக்னியானுமா? எறங்கவே கூடாதுன்னு அந்த மனுஷன் கூட அப்படிச் சண்டை போட்டானே?

— யாரும் எதுத்துப் பேசலன்னா நீ சந்தேகப்படுவேன்னு அவனச் சண்டை போடச் சொன்னதே வெலிச்கோதான்.