மாப்புக் கட்டை

கடைசியா அவளை உயிரோட பாத்தது இந்தக் கதவுகிட்டதான் மாஸ்டர். இப்ப நீங்க செருப்பு கழட்டினீங்களே, அதே இடம். குனிஞ்சு ஷூ மாட்டிட்டிருந்தா. பொண்ணோட பழைய ஷூ. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே அளவு. நான் படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பாத்தேன். போயிட்டு வர்றேன்னா. ம்னேன். இருபத்தாறு வருஷக் குடித்தனம், ஒரு ம்மோட முடிஞ்சுது.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. முதல்ல அந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வைங்க. டீ தர்றேன், கையெழுத்து தர மாட்டேன்.

தெரியும் மாஸ்டர், பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றீங்க. தாய் போய் பதினாறு நாள்தான் ஆவுது, சனிக்கிழமை ரிலே போட்டி, இவ ஓய்வெடுக்கட்டும், பதிலுக்கு அந்தப் பொடிசு ஓடட்டும். எங்க அக்காவும் இதையேதான் சொல்லிச்சு. செத்த வீட்டுல என்ன ஓட்டம் வேண்டிக்கெடக்குன்னுச்சு. செத்தவளே அந்த ஓட்டத்துக்காக ஓடினவதான், நீ உன் வேலையைப் பாருன்னேன். ரெண்டு நாளா பேசல. வீடு அமைதியா இருக்கு.

ஓய்வுன்னா என்ன மாஸ்டர்? இந்த ஒரு ரூம்ல உக்காந்து அவ அம்மா புடவையைப் பாத்துக்கிட்டிருக்கிறதா?

இல்ல, நீங்க நிஜக் காரணத்தைச் சொல்லல. நானே சொல்றேன். நேத்தும் முந்தாநாளும் குச்சி வாங்குறப்ப அவ திரும்பிப் பாத்துட்டா. அதானே? சொல்லுங்க, நான் ஒண்ணும் நொந்துக்க மாட்டேன். நாலாவது ஆள் திரும்பிப் பாத்தா முன்னாடி மூணு பேர் ஓடினதும் வீண். தெரியும். நான் டயர் மாட்டுறவன்தான், ஆனா ஒரு வருஷமா இந்த வீட்டுல வேற பேச்சே கிடையாது.

மூணாவதா ஓடுற நெட்டச்சி காலையில பால் போடப் போயிடுறா. அதுவும் பாவம், என்ன செய்யும். அதனால குச்சி குடுத்துப் பழக இவளுக்கு ஆள் இல்ல. சாயங்காலப் பயிற்சி மட்டும் போதாதுன்னு ஒரு நாள் அழுதா.  மறுநாள் நான் வேலை முடிஞ்சு வர்றேன், அவ அம்மா வீடு துடைக்கிற மாப்புக் கட்டையைக் காலுக்கடியில வச்சுக் குச்சிக்காக அறுத்துட்டிருக்கா. ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல. நுனியில டேப்பு வேற. பைத்தியமா உனக்குன்னு கத்தினேன். ஆஸ்பத்திரியில நாள் பூரா வார்டு துடைக்கிறேன், மாப்புக் கட்டையோட அளவு எனக்குத் தெரியாதா, நீ போய் உன் டயரைப் பாருன்னுட்டா.

ஓடினா மாஸ்டர்! நாப்பத்தெட்டு வயசு, வாத்து மாதிரி. மைதானத்து வாட்ச்மேன் சிரிப்பான். ஓடி வர்றவ எந்தக் கோட்டைத் தொட்டா இவ கிளம்பணும்னு இவளுக்குப் பின்னால மண்ணுல கோடு போடுவாங்க இல்ல? நெட்டச்சிக்கு இருபத்துமூணு அடி. அம்மாவுக்கு பதினொண்ணு. அவ்வளவு மெதுவு. ஆனா கை மட்டும் தப்பாது. நோயாளிக்குத் தண்ணி நீட்டுற மாதிரி நீட்டுவா. குச்சியை நீட்டுறப்ப நீங்க கைன்னு கத்தச் சொல்லிக் குடுத்தீங்க. அவ வாயில அது வரல, இந்தான்னுதான் வந்துது. இப்ப உங்க டீமே இந்தான்னுதான் கத்துது. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைச்சீங்க?

அன்னைக்கும் அவ அம்மா கோட்டைத் தொட்டா, இவ கிளம்பினா. இந்தான்னு சத்தம் கேட்டுது, இடது கையைப் பின்னால நீட்டினா. குச்சி வரல. ஆனாலும் திரும்பல. ஏன்னா திரும்பக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்திருக்கீங்க, அவ அம்மாவும் சொல்லிக் குடுத்திருக்கா. கையை நீட்டிக்கிட்டே இருபது அடி ஓடியிருக்கா மாஸ்டர், பின்னால தாய் விழுந்து கெடக்குறா. வாட்ச்மேன் கத்தினப்புறம்தான் நின்னிருக்கா. நெஞ்சு நின்னு போச்சுன்னாங்க ஆஸ்பத்திரியில. அவ துடைச்ச அதே வார்டு.

அதுக்கப்புறமும் அவ திரும்பாம ஓடணும்னா எப்படி? நீங்களா இருந்தா திரும்ப மாட்டீங்களா?

இருங்க, எழுந்திரிக்காதீங்க. இன்னைக்குக் காலையில பன்னண்டு தடவை குச்சி வாங்கினா. பன்னண்டு தடவையும் திரும்பல. யார் குடுத்தாங்களா? நான்தான். இந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு. சிரிங்க, பரவால்ல, வாட்ச்மேன் உக்காந்து சிரிச்சான். எனக்குக் கோடு ஒம்பது அடி. ஆறு நாள் நானும் அவ அம்மா மாதிரியே கடைசியில மட்டும் இந்தான்னு சொன்னேன். ஆறு நாளும் திரும்பினா. அப்புறம்தான் புத்தி வந்துச்சு. அவளுக்கு வேண்டியது குச்சியில்ல, பின்னால ஆள் விழாம வருதுங்கிற சத்தம். இப்ப கோட்டுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுறேன். வர்றேன் வர்றேன் வர்றேன், இந்தா. மூச்சு வாங்குது, ஆனாலும் வாயை மூடுறதில்ல. நெட்டச்சிகிட்டயும் அப்படிச் சொல்லுங்க. அஞ்சு அடி முன்னாலேருந்து கத்திக்கிட்டே வரட்டும். நாளைக்குச் சாயங்காலம் ஓட விட்டுப் பாருங்க. ஒரு தடவை திரும்பினாக்கூட அந்தக் காகிதத்தை நானே தேடி வந்து கையெழுத்துப் போடுறேன்.

சரி, அப்ப நாளைக்கு. நல்லது மாஸ்டர்.

என் முட்டி தாங்குதான்னா கேக்குறீங்க? ஒண்ணுமில்ல. அது அன்னைக்கும் வலிக்கல. ஒரு நாள் அவ ஓடுறது, ஒரு நாள் நான் ஓடுறதுன்னு அந்த மாசந்தான் பேசி வச்சிருந்தோம். அன்னைக்கு என் முறை. முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன்.

பாத்துப் போங்க, தரை ஈரமா இருக்கு, இப்பத்தான் துடைச்சேன். மிச்ச மாப்பு அதோ மூலையில. கட்டை குட்டையாப் போச்சு, குனிஞ்சுதான் துடைக்க வேண்டியிருக்கு.