நேசமணி பார்க்காத ஆட்டங்கள்

– நேசமணி மாமி, இடைவேளை முடியப்போகுது. இப்பவாவது உள்ளுக்கை வாங்கோ.

– நீ போ மேரின். நான் இந்த வாஃபல் கடையடியில நிக்கிறன். சூடாயும் கிடக்கு, வாசமாயும் கிடக்கு.

– பாரிஸில இருந்து பிளேன் ஏறி ஒஸ்லோவுக்கு வந்தது வாஃபல் வாசம் பிடிக்கவோ? உங்கட மகன் உள்ளுக்கை விளையாடுறான். இடையில ஒரு சுவர்தான்.

– ஓம், ஒரு சுவர்தான். எனக்கு அது பழகின சுவர்.

– என்ன சொல்லுறியள்?

– ஒண்டுமில்லை. அங்கை பாரன், அந்தப் பெரிய லைற்றுக்குக் கீழ பனி விழுறதை. மேல ஆரோ இருந்து மா அரிக்கிற மாதிரி. நாலு மணிக்கே இருட்டி, பிறகு இப்பிடி லைற்றையும் போட்டு... கனவுக்குள்ள நிக்கிற மாதிரிக் கிடக்கு பிள்ளை.

– இது கனவில்லை மாமி, நவம்பர். கால் விறைச்சுப்போச்சு, இக்கே சான்?

– உந்த இக்கே சான் எண்டால் என்ன? பிலேந்திரன் அண்ணையும் வாய் திறந்தால் அதுதான்.

– அப்பாவுக்கு நாப்பது வருசத்தில நல்லா வந்த நோர்ஸ்க் பாசை அது ஒண்டுதான். 'சரிதானே' எண்டு கேக்கிறது.

– உஸ்... கேட்டுதோ? எல்லாரும் ஒருக்கா 'ஆ' எண்டு போட்டு அடங்கிட்டினம். வொய்லா, இந்தா பார், மற்ற டீம் கோல் அடிச்சிட்டான்.

– ரண்டாம் பாதி இன்னும் தொடங்கேல்லை மாமி. அதிட்டலாபச் சீட்டில ஆருக்கோ ஒரு முழு சால்மன் மீன் விழுந்திருக்கு. ஸ்பீக்கரில சொன்னவை.

– அட. பிரான்ஸில எண்டால் சத்தத்தைக் கேட்டே சொல்லிப்போடுவன். மூலையில இருந்து கோணர் அடிக்கிறாங்களோ, பந்து கம்பத்தில பட்டுதோ, நடுவருக்கு ஏச்சு விழுகுதோ எண்டு. இந்தச் சனம் வேற மாதிரி. நல்லதுக்கும் பெருமூச்சு, கெட்டதுக்கும் பெருமூச்சு.

– பிரான்ஸில எங்கை சத்தம் கேட்டனீங்கள்? ஒரு ஆட்டத்துக்கும் நீங்கள் போனதில்லை எண்டெல்லோ யூலியன் சொன்னவன்.

– வேற என்ன சொன்னவன்?

– விடுங்கோ மாமி.

– சொல்லு. தாய்க்குத் தெரியாத கதை மச்சாளுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லு பாப்பம்.

– அவனுக்கு நோர்ஸ்க் வராது, எனக்குப் பிரெஞ்சு வராது. ரண்டு பேரும் தமிழிலதான் கதைக்கிறம். வீட்டுத் தமிழ்தானே, சுத்தி வளைச்சுச் சொல்லத் தெரியாது. உள்ளதை அப்பிடியே சொல்லிப்போடுவம். நேற்று எங்கட லோறென்ஸ்கூக் வீட்டில சாப்பிட்டுப்போட்டுக் கோப்பை கழுவேக்கை சொன்னவன்.

– என்னண்டு?

– 'பதின்மூண்டு வயசில உதைபந்து அக்கடமிக்குப் போய் அங்கையே தங்கிப் படிச்சனான். பதினெட்டு வயசில பெரிய டீமில இறக்கினவை. அண்டைக்கு எல்லாப் பெடியளின்ர அம்மாமாரும் வந்து நிண்டவை. என்ர அம்மா வரேல்லை. முதல் கோல் அடிச்சுப்போட்டு ஆரிட்டை ஓடுறது எண்டு தெரியாமல் கோணர் கொடிக்குப் பக்கத்தில சும்மா நிண்டனான்' எண்டு.

– ஓம். அண்டைக்கு நல்ல மழை.

– அது எப்பிடி உங்களுக்குத் தெரியும்?

– மிச்சத்தைச் சொல்லு.

– கோவிக்கக்கூடாது. இண்டையோட சீசன் முடியுது. பிரெஞ்சு கிளப் அவனை இஞ்சத்தைய டீமுக்கு இரவல் குடுத்ததும் முடியுது.

– பிள்ளையை இரவல் குடுக்கிறதை நான் இந்த விளையாட்டிலதான் கண்டனான். பக்கத்து வீட்டுக்குச் சட்டி குடுக்கிற மாதிரி.

– சட்டி நல்லாத்தானே வேலை செய்தது. வந்த முதல் மாசமே இந்தப் பிளாஸ்ரிக் புல்லில ரண்டு கோல். எங்கட பஸ் ரைவர் கூட அவன்ர பேரைக் கேட்டவர். நாளைக்கு அவன்ர பிரெஞ்சு கிளப் ஆக்கள் புது ஒப்பந்தத்தோட வாறினம். நாலு வருசத்துக்கு. அவன் கையெழுத்துப் போடமாட்டானாம்.

– என்ன விசர்க்கதை? சின்னனில இருந்து இதுக்குத்தானே கிடந்து முறிஞ்சவன்.

– 'ஆருக்காக விளையாடுறன் எண்டு தெரியேல்லை' எண்டான். 'அப்பாவுக்கு ரெஸ்ரோரன்ரில ஞாயிறு லீவு இல்லை, அது விளங்குது. அம்மா ஒருநாளும் கேட்டதுகூட இல்லை. இண்டைய ஆட்டத்துக்கு உள்ளுக்கை வந்திருந்தால் போடுவன். வராட்டி பூட்சைக் கழட்டி வைச்சிட்டு எங்கையாவது படிக்கப் போறன்' எண்டான். இந்த ரண்டு ரிக்கற்றும் அவன் தந்தது. சொல்லாதை எண்டவன். நான் சொல்லிப்போட்டன்.

– என்ர அந்தோனியாரே.

– அவர் வரமாட்டார் மாமி. நீங்கள்தான் வரவேணும்.

– அவருக்காகத்தான் பிள்ளை நான் வெளியில நிக்கிறன்.

– எனக்கு விளங்கேல்லை.

– யூலியனுக்கு அப்ப ஒன்பது வயசு. பாரிஸில எங்கட பெடியளின்ர விளையாட்டுப்போட்டி. நான் முன்வரிசையில குந்திக்கொண்டு இருந்தனான். சும்மா சொல்லக்கூடாது, அவன் ஓட வெளிக்கிட்டால் பக்கத்தில இருக்கிற சனம் சாப்பாட்டை வாயில வைக்க மறந்துபோகும். ஒரு பெரிய பெடியன் குறுக்கால வந்தவன். இடக்கால். முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், கண்ணைப் பொத்திப்போட்டன். தூக்கினது, ஆம்புலன்ஸ் வந்தது ஒண்டும் நான் பாக்கேல்லை. நடப்பான், ஓடுறது சொல்லேலாது எண்டு டொக்டர் சொன்னார்.

– பிறகு?

– பிறகென்ன, கோயிலுக்குப் போய் நேர்த்தி வைச்சனான். 'அந்தோனியாரே, என்ர பிள்ளைக்கு அந்தக் காலைத் திருப்பித் தாரும். தந்தால், அவன் விளையாடுறதை நான் இனி என்ர கண்ணால பாக்கமாட்டன்' எண்டு.

– மாமி, ஆக்கள் மெழுகுதிரி கொளுத்துவினம், தலைமுடி குடுப்பினம். உப்பிடி ஒரு நேர்த்தி ஆராவது வைப்பினமோ?

– மெழுகுதிரிக்குக் கால் கிடைக்குமோ? எனக்கு ஆகப் பிடிச்சதைக் குடுத்தால்தானே அது நேர்த்தி. அவன் ஓடுறதைப் பாக்கிறதை விட எனக்கு இந்த உலகத்தில வேற என்ன பிடிக்கும், சொல்லு.

– அவனிட்டையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.

– ஆருக்காக வைச்சமோ அவைக்குச் சொன்னால் பலிக்காது. எங்கட பக்கத்தில அப்பிடித்தான். சனி ஞாயிறு எனக்கு கிளீனிங் வேலை எண்டு அவனுக்குச் சொல்லிப்போடுவன்.

– அவன் அதைத்தான் நம்பிக்கொண்டு இருக்கிறான். வேலைதான் அம்மாவுக்குப் பெரிசு எண்டு.

– நம்பட்டும் எண்டு விட்டனான். ஆனால் ஒரு ஆட்டமும் விடேல்லை மேரின். பிரான்ஸில அவன் விளையாடின எல்லா ஆட்டத்துக்கும் போனனான். மெத்ரோவில போவன், பஸ்ஸில போவன். ஒருக்கா லில் நகரத்தில கடைசி ரயிலை விட்டிட்டு ஸ்ரேசன் வாங்கிலில கிடந்தனான். மதிலுக்கு வெளியில செபமாலையோட நிப்பன். அவன்ர முதல் கோலை ஒரு பஸ் தரிப்பில நிண்டு கேட்டனான். முழுச் சனமும் பிரெஞ்சில அவன்ர பேரை 'ழுலியான்' எண்டு கத்தினது. பக்கத்தில நிண்ட ஒரு ஆபிரிக்க மனுசியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குளறி அழுதனான். அவ பாவம், பஸ்ஸுக்கு நிண்டவ.

– அவன் கோணர் கொடிக்குப் பக்கத்தில ஆளில்லாமல் நிண்ட நேரம்.

– ஓம். அந்த நேரம்தான்.

– எனக்கு அழுகை வருது மாமி.

– அழாதை. கண் மையெல்லாம் கரையும். நான் ஒண்டும் இழந்துபோகேல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கனவில பாப்பன். கனவு நேர்த்தியில இல்லை. எங்கட எட்டாம் மாடி வீட்டுக் கொரிடோரால பந்தை உருட்டிக்கொண்டு வருவான். கொரிடோர் முடியாது, நீண்டு நீண்டு போகும். கதவெல்லாம் தானாத் திறக்கும். ஒவ்வொரு கதவிலையும் சனம் சிரிச்சுக்கொண்டு நிக்கும். அவன் ஒருத்தரிலையும் முட்டாமல் போவான், கால் நிலத்தில படுறதே இல்லை. ஆனால் ஒண்டு, முகம் மட்டும் அந்த ஒன்பது வயசு முகம். இப்பத்தைய தாடி முகம் ஓடேக்கை எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாது.

– விசில் கேட்டுதோ? தொடங்கிட்டாங்கள். மாமி, நான் உங்கட நேர்த்தியைப் பிழை சொல்லமாட்டன்.

– நேர்சிங் படிக்கிற பிள்ளை. காலைப் பொருத்தினது டொக்டர் எண்டு சொல்லப்போறாய்.

– இல்லை. அந்தோனியாரே தந்ததா இருக்கட்டும். அவர் தந்த காலை அவன் நாளைக்குக் கழட்டி வைக்கப்போறான். பிறகு நீங்கள் எதுக்காக வெளியில நிக்கிறது?

– அண்ணை வாயில்லாப் பூச்சி. உனக்கு இந்த வாய் எங்கையிருந்து வந்தது? எங்கை அந்த ரிக்கற்?

– வாறியளோ?

– பொறு, பொறு. நான் சொன்ன வார்த்தையை வடிவா யோசிச்சுப் பாப்பம். அவனை நான் கண்ணால பாக்கமாட்டன் எண்டு சொன்னனான். அவன் என்னைப் பாக்கக்கூடாது எண்டு சொல்லேல்லை.

– அப்ப?

– நான் கண்ணை மூடிக்கொண்டு வாறன். நீ கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் இருத்திவிடு. அவன் என்னைக் காணட்டும். நான் அவனைக் காணேல்லை. வொய்லா.

– அந்தோனியாரோட நியாயம் பேசுறியள்.

– அவர் எனக்கு நாள்பட்ட பழக்கம். வா, வா.

– மெல்ல வாங்கோ. இதில படி. இன்னொண்டு. வழுக்கும், என்னைப் பிடியுங்கோ. பாருங்கோ, ஐயோ, பாக்காதேங்கோ... ஒரு கிழவர் உங்களுக்குக் கண் தெரியாதாக்கும் எண்டு எழும்பி வழி விடுறார்.

– அவருக்கு நன்றி சொல்லு.

– சொல்லியாச்சு. இருங்கோ இப்ப. இதுதான் எங்கட இடம்.

– சத்தம் வேற மாதிரிக் கிடக்கு. வெளியில அது மதிலுக்கு மேலால விழும். இஞ்சை காலடியால ஏறுது. எங்கை நிக்கிறான்?

– அங்கால் கரையில. இன்னும் கோல் இல்லை. பனி கொட்டுது, கோடெல்லாம் மறைஞ்சுபோச்சு. செம்மஞ்சள் பந்து போட்டிருக்கினம்.

– செம்மஞ்சளோ? கனவில பந்துக்கு நிறமே இல்லை.

– பந்து அவனிட்டை வந்திட்டு. ஒருத்தனைச் சுத்திக்கொண்டு வாறான். எங்கட பக்கம் திரும்பிட்டான். மாமி, கண்டிட்டான்.

– ஆரை?

– உங்களைத்தான். பந்தைக் காலுக்குக் கீழ வைச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறான்.

– விளையாடச் சொல்லடி அவனை. பந்தைப் பறிகுடுக்கப்போறான்.

– பறிகுடுத்திட்டான்.

– பாத்தியோ.

– சிரிக்கிறான் மாமி. பந்தைப் பறிகுடுத்திட்டு நிண்டு சிரிக்கிறான். கோச் தலையில கை வைச்சிட்டார்.

– எப்பிடிச் சிரிக்கிறான்?

– முழுப் பல்லும் தெரிய. தாடிக்குள்ளால சின்னப் பெடியன் மாதிரி. நீங்கள் ஏன் அழுறியள்?

– பனித்தண்ணி. நீ சொல்லு, நிப்பாட்டாதை.

– இப்ப வேற ஆள் மாதிரி ஓடுறான். இவ்வளவு நாளும் இப்பிடி ஓடினதை நான் காணேல்லை. பந்தைத் திருப்பி எடுத்திட்டான். ஒருத்தன் விழுந்திட்டான், மற்றவன் சறுக்கிக்கொண்டு போறான். சனமெல்லாம் எழும்பிட்டுது. இனி கோல் காக்கிறவனும் அவனும்தான். அடிக்கப்போறான்...

– மேரின், முழுச் சனமும் ஏன் பேசாமல் நிக்குது?

– ஒண்டுமில்லை மாமி. பந்து... பந்து வெளியில போயிட்டுது. இனி எறிவினம்.

– ஓமோ.

– ஓம். யூலியன் அங்காலை நிக்கிறான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ. இறுக்கி மூடுங்கோ. இப்ப பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை.

– எனக்காகப் பொய் சொல்லாதை. என்ர பிள்ளை விழுந்து கிடக்கிறான். இடக்காலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறான்.

– மாமி... எப்ப கண்ணைத் திறந்தனீங்கள்?

– சிரிக்கிறான் எண்டு சொன்னாயே. அப்ப.

– ஐயோ மாமி, மூடுங்கோ. தயவுசெய்து மூடுங்கோ.

– மாட்டன். அண்டைக்கு அவன் விழுந்த உடனை கண்ணைப் பொத்திப்போட்டன், அதால இவ்வளவு காலமும் அவன் எனக்கு விழுந்தபடியே கிடந்தவன். அங்கை பார், எழும்புறான்.