என் குளத்தில் அன்னம் விடாதீர்கள்

அவைக்கு அணியாகவும் மேசை மணிக்குக் காவலாகவும் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் அவர்களே! முடிவை முதலில் எழுதிவிட்டுக் கூட்டத்தைப் பிறகு கூட்டும் ஆற்றல் மிக்க செயலாளர் அவர்களே! காசாளர் அவர்களே! செயற்குழுச் செம்மல்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வீற்றிருக்கும் பெரியோர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு மூச்சு வாங்க வந்து, இங்கேயும் மூச்சு விட முடியாமல் நெருங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் பக்கச்சுவரில் சாய்ந்து நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பணிவு இந்த ஒரு வரியோடு முடிகிறது, மன்னியுங்கள்.

எனக்குத் தரப்பட்டிருப்பது ஏற்புரை. பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, புன்னகை பூத்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அப்படித்தான் வந்தேன். வந்த இடத்தில் நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, ஏற்புரை. அதற்குக் கீழே, தீர்மானம்! என்ன தீர்மானம்? மேடையின் பின்சுவரில் நான் வரைந்திருக்கும் இந்த நீர்க்காட்சி "முழுமை பெறாத நிலையில்" இருக்கிறதாம். ஆகவே விளம்பரப் பலகை எழுதுகிறவரை நாளைக் காலை வரவழைத்து அதை முழுமை செய்யப் போகிறார்களாம்.

எப்படி முழுமை? தண்ணீர் முழுவதும் வழவழவென்று ஒரே நீலம். நடுவில் ஒரு படகு. படகுக்குத் துணையாக இரண்டு அன்னம். அன்னத்துக்குத் துணையாக நாலைந்து தாமரை. அடியில் செயற்குழு உறுப்பினர்களின் பெயர்கள், கொட்டை எழுத்தில்! ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் வெள்ளையடிக்கும் மட்டை. இதற்குப் பெயர் பாராட்டு விழாவா, ஐயா?

சிரிக்காதீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, எனக்கு வயிறு எரிகிறது.

இந்தச் சுவர் சென்ற ஆண்டு எப்படி இருந்தது? ஓதம் ஏறி, உப்புப் பூத்து, உரிந்து தொங்கியது. பூசிச் சரிசெய்த பிறகு தலைவர் என்னைத் தேடி என் வீட்டுக்கு வந்தார். "நீ நல்லா வரைவியாமே, ஹால்ல குளுமையா ஏதாச்சும் போட்டுக் குடும்மா" என்றார். என் உள்ளம் குளிர்ந்தது. நம் சாலை முடிகிற இடத்தில், பேருந்து திரும்பும் வளைவில் ஒரு குளம் இருக்கிறதே, அதை வரைகிறேன் என்றேன். குளத்தை அல்ல, சாயங்கால வெளிச்சம் அந்தக் குளத்தில் விழுந்து உடைந்து சிதறுகிற அந்த ஒரு நொடியை. அப்படி வரைவதற்கு இம்ப்ரெஷனிசம் என்று பெயர், நிறங்களைக் குழைத்து மழுப்பாமல் தீற்றல் தீற்றலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம், எட்ட நின்று பார்த்தால் கண்ணே சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். தலைவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்!

எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன் என்றேன். செயலாளர் குறுக்கே பாய்ந்தார். "எண்ணெய் பெயிண்ட்டா? வாடை வரும்மா. சாயங்காலம் பிள்ளைங்க டியூஷனுக்கு வருதுங்க." சரி, அக்ரிலிக் என்றேன். தண்ணீரில் கரைப்பது, வாடை இல்லாதது. ஆனால் அதன் குணம் தெரியுமா உங்களுக்கு? எண்ணெய் வண்ணம் பெருந்தன்மை உள்ளது. நீங்கள் காப்பி குடித்துவிட்டு வரும்வரை காத்திருக்கும். அக்ரிலிக் அப்படியே என் வீட்டுக்காரர். கூப்பிட்ட நேரத்துக்குப் போகாவிட்டால் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும், அப்புறம் தலைகீழாக நின்றாலும் இளகாது. ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் ஒரு படி கறுத்துக் காட்டும். நாளைக்கு என்ன நிறம் என்பதை இன்றைக்கே ஊகித்து வைக்க வேண்டும்.

அதோ, என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து உட்காருங்கள், நல்ல வார்த்தையும் வரும்.

இதில் என்ன வேடிக்கை என்றால், இந்த மன்றத்தின் பின்பாதி முழுக்க நாற்காலிக் கிடங்கு. மடக்கிய நாற்காலிகள் மார்பளவுக்கு அடுக்கிக் கிடக்கும். சுவரில் அடிவண்ணமாகக் கரும்பச்சையும் ஊதாவும் பூசியாயிற்று. மரங்களின் நிழல் தண்ணீரில் நெடுக்காக இறங்கியாயிற்று. அதன்மேல் குறுக்காக ஒளித் தீற்றல் வைக்க வேண்டும். ஒன்று வைப்பேன். சரியா என்று பார்க்க எட்டப் போக வேண்டுமே! மேடையிலிருந்து இறங்கி, நாற்காலி மலை ஏறி, பின்கதவருகே குதித்து, திரும்பிப் பார்த்து, ஐயோ மஞ்சள் கூடிப்போயிற்றே என்று மறுபடி மலை ஏறி மேடைக்கு வந்தால், தட்டில் இருந்த வண்ணம் தோலாகி இருக்கும்! ஈரத்துணி விரித்தேன், தெளிப்பானால் நீர் தெளித்தேன், தெளித்துத் தெளித்து ஓடினேன். மலை ஏறுகிறவர்களுக்காவது உச்சியில் கொடி நடும் பெருமை உண்டு. எனக்கு முழங்கால் வீக்கம்தான் மிச்சம்.

வந்து பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவராவது எட்டப் போனார்களா? ஒவ்வொருவரும் சுவரை முகர்ந்து பார்க்கும் தூரத்தில் வந்து நின்றார்கள். காசாளர் வந்தார். "தண்ணின்னா நீலம். இதுல எங்கம்மா நீலம்?" ஐயா, தண்ணீருக்கு ஏது சொந்த நிறம்? வானம் கொடுத்தால் வானம், மரம் கொடுத்தால் மரம், அந்தி கொடுத்தால் அந்தி! துணைத்தலைவரின் துணைவியார் வந்தார். "ஆரஞ்சா அங்கங்க இருக்கே, துருவா?" அம்மா, அது சூரியன்! உடற்பயிற்சி சொல்லித்தருகிற அக்கா வந்தார். கோடுகளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "கை நடுங்குதா உனக்கு? நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்காரு, போய்க் காட்டு." வீடு கட்டித்தருகிற ஒப்பந்தக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "மேடும் பள்ளமுமா இருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சா வழவழன்னு ஆயிடும். ஆள் அனுப்பவா?" கழுதை, கற்பூரம் என்று தொடங்கும் ஒரு பழமொழி உண்டு. சபை நாகரிகம் கருதி நான் சொல்லவில்லை. நீங்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஊரார் போகட்டும். என் வீட்டுக்காரர், எனக்காக ஏணி சுமந்தவர், வண்ணக் குப்பிக்கு மூடி தேடியவர், எல்லாம் முடிந்த அன்று வந்தார். வெகு நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எப்ப முடிப்ப?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன். "சரி சரி, கோவப்படாத. எப்ப முடிப்ப?"

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள் ஐயா. குளம் போகப் போகிறது, மணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

பெரியோர்களே, தாய்மார்களே! என் பிழைப்பு என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியும். பல் கட்டும் கூடத்தில் வேலை. மருத்துவர் எடுத்து அனுப்புகிற அச்சுக்குச் செயற்கைப் பல் செய்கிறவள் நான். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு நிறம் சேர வேண்டும், பளபளப்போடு பளபளப்பு சேர வேண்டும். தேய்ப்பேன், மெருகேற்றுவேன், மறுபடி தேய்ப்பேன். என் தொழிலில் உயர்ந்த பாராட்டு எது? ஒருவருமே கவனிக்காமல் இருப்பது! இந்த அவையிலேயே என் கைவேலை எத்தனை வாயில் சிரித்துக்கொண்டிருக்கிறது! முன்வரிசையில் சிலர் சட்டென்று வாயை மூடிக்கொண்டீர்கள். அஞ்சாதீர்கள், தொழில் தர்மம் எனக்கு உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பகலெல்லாம் என் கை பட்ட தடத்தை நானே தேய்த்துத் தேய்த்து அழிக்கிறேனே, ஒரே ஒரு சுவரிலாவது அந்தத் தடம் நிற்கக் கூடாதா? இங்கே ஒருத்தி நின்றாள், இப்படித் தொட்டாள், இங்கே தயங்கினாள், இங்கே துணிந்தாள் என்று ஒரே ஓர் இடத்திலாவது தெரியக் கூடாதா? அந்த மேடும் பள்ளமும் பிழை அல்ல, ஐயா! அது நான்! அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பீர்களா? அதன்மேலும் அன்னம் விடுவீர்களா? விட்டால், சொல்லிவிடுகிறேன், இனி நான் தூரிகை தொட மாட்டேன். மிரட்டல் இல்லை. மனம் விட்டுப்போகும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கமிருந்து யாரோ, "ஒருத்தருக்குமே புரியாத படத்த வெச்சு என்னம்மா பண்றது?" என்கிறார். நல்ல கேள்வி. ஒருவருக்குப் புரிந்தது. என் மாமியாருக்கு.

கண்ணில் புரை வளர்ந்து, அறுவைக்கு நாள் குறித்துக் காத்திருக்கிறார். போன வாரம் வீட்டுச் சாவியைக் கொடுக்க என்னைத் தேடி வந்தவர், கண்ணாடியைக்கூட வீட்டிலேயே மறந்துவிட்டு, அதோ அந்தப் பின்கதவைத் திறந்தார். நாற்காலி மலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி மேடையைப் பார்த்தார். பார்த்தவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்! "ஏம்மா, மேடை மேல இவ்வளவு தண்ணி நிக்குதே, குழாய மூடாமயா விட்ட? பொறுப்பே கிடையாது உனக்கு!"

கைதட்டாதீர்கள், இருங்கள். என் மாமியார் என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. அன்றைக்கும் பாராட்டவில்லை, திட்டத்தான் திட்டினார். ஆனால் அந்தத் திட்டைக் கேட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். என் தண்ணீருக்கு ஒருவர் செருப்பைக் கழற்றினார்! இதைவிட எனக்கு என்ன பட்டம் வேண்டும்?

இப்போது செயற்குழுவைக் கேட்கிறேன். உங்களில் ஒருவராவது அந்தப் பின்கதவருகே நின்று இந்தச் சுவரைப் பார்த்ததுண்டா? எப்படிப் பார்ப்பீர்கள்? வந்தால் முன்கதவு, ஏறினால் மேடை, அமர்ந்தால் சுவருக்கு முதுகு! தீர்மானம் எழுதும்போதும் முதுகு, கையெழுத்துப் போடும்போதும் முதுகு, இதோ இந்த நொடியிலும் முதுகு! முதுகால் பார்த்து முழுமை இல்லை என்று தீர்ப்புச் சொன்ன நீதியை எந்த நாட்டிலாவது கேட்டதுண்டா?

இன்றைக்குத்தான் நாற்காலி எல்லாம் பிரித்துப் போட்டு மன்றத்தின் முழு நீளமும் திறந்திருக்கிறது. ஆகவே தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இறங்குங்கள்!

பதறாதீர்கள். பதவியிலிருந்து அல்ல, மேடையிலிருந்து.

"கூட்டம் நடக்கறப்ப தலைவர் எறங்கிப் போறது மரபு இல்லம்மா" என்கிறார் செயலாளர். மரபா? பாராட்டிவிட்டுப் பூசி மறைப்பது மட்டும் மரபா? "முட்டி வலிக்குதும்மா" என்கிறார் தலைவர். நான் ஏறிய மலைக்கு எனக்கும்தான் வலிக்கிறது. தீர்மானத்தை நீங்கள் நிறைவேற்றுங்கள், நான் தடுக்கவில்லை. பார்த்துவிட்டு நிறைவேற்றுங்கள். அதுகூடக் கேட்கக் கூடாதா?

இறங்குகிறார்! வழி விடுங்கள், கால்களை மடக்குங்கள். ஐயா, திரும்பாதீர்கள். இன்னும் போங்கள். அந்தத் தூணையும் தாண்டுங்கள். பாதி வழியில் பார்த்தால் பாதிதான் தெரியும். கதவு கையில் படும்வரை போங்கள். பட்டதா? இப்போது திரும்புங்கள்.

...

தலைவர் திரும்பிவிட்டார். ஒலிவாங்கி அணைந்தாலும் ஊரதிரப் பேசுகிறவர், ஏதோ முணுமுணுக்கிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். மாட்டுகிறார். என்ன ஐயா? கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்களாவது சொல்லுங்களேன்.

"அசையுதுங்கறாரு!"

என்ன அசைகிறது?

"தண்ணி! தண்ணி அசையுதுங்கறாரு!"

இதோ தலைவரே குரல் கொடுக்கிறார். "செயலாளரே, இத்தன நாளும் அங்க உக்காந்து என்னத்தய்யா பாத்தீங்க? எந்திரிச்சு இங்க வாங்க! காசாளரையும் கூட்டிட்டு வாங்க!" போங்கள் ஐயா, தலைவர் உத்தரவு. ஒப்பந்தக்காரர் எழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடுகிறார், பாருங்கள்! தாய்மார்களே, நெரிசல் வேண்டாம், குளம் எங்கேயும் ஓடிவிடாது. முன்வரிசை மொத்தமும் காலி. மேடையில் நானும் பூங்கொத்தும் மட்டும்.

தலைவர் அவர்களே, தீர்மானத்தை என்ன செய்யட்டும்? அங்கிருந்தே சொல்லுங்கள்.

"கிழிச்சுப் போடும்மா! படகும் வேணாம், அன்னமும் வேணாம்! மிச்சக் கூட்டத்த நான் இங்கேருந்தே நடத்திக்கறேன்!"

இந்தச் சொல்லுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! தேனினும் இனிய சொல்! தென்றலினும் தண்ணிய சொல்! பெருமை வாய்ந்த இந்தச் சங்கத்தின் வரலாற்றிலே, பெருந்தகையாளர் நம் தலைவர் அவர்கள் இன்று...

யார் அது, பின்னாலிருந்து கத்துவது? என்ன?

"அக்கா, நடுவுல நிக்காதீங்க! மறைக்குது!"

மறைக்கிறேனா? நானா?

இத்தனை மாதமாக எல்லோரும் இந்தச் சுவரை எதை வைத்து மறைக்கலாம் என்றுதான் கேட்டார்கள். மறைக்காதே என்று கோபித்துக்கொண்ட முதல் ஆள் நீதான், தம்பி. இதோ நகர்ந்துவிட்டேன். பாருங்கள், வேண்டிய மட்டும் பாருங்கள். இருந்த இடத்தை விட்டு எழுந்து போய்ப் பார்த்த ஒவ்வொருவருக்கும் என் நன்றி, என் வணக்கம்.