கடைசி ஸ்டாப்புல கழனி

— ஏங்க, போனக் கொஞ்சம் நேரா புடிங்க, ஒங்க மூக்கு மட்டுந்தான் தெரியுது. எனக்குப் பின்னால சர்ச்சுக் கூர பாத்தீங்களா? ஓடெல்லாம் கலர் கலரா, பட்டுப்பொடவையில கட்டம் போட்டாப்புல!

— தெரியுது மதி. கத்தாத, அங்க நாலு பேரு பாக்கறாங்க.

— பாக்கட்டும்! ரெண்டு வாரமா ரூமு, கம்பெனி, ரூமு. மிஷினு ஓட்டப் பழகுன்னு அனுப்பிச்சாங்க, மிஷினத் தவிர இன்னா பாத்தேன்? இன்னிக்குத்தான் லீவு. ஆரம்பாக்கம் ஸ்டேஷன்ல லோக்கலுக்கு நின்னுக்கினு இருந்தவ, வியன்னாவுல நிக்கிறேங்க!

— ஒரு நாட்டோட தலைநகரம்... எம் பொண்டாட்டி! சரி, நாஷ்டா துன்னியா?

— ரொட்டியும் ஜாமும். அத உடுங்க. தோ, குதிர வண்டி! ரெட்டக் குதிர. ஓட்டறவரு தலையில தொப்பி, கல்யாண மாப்ள கணக்கா ஒக்காந்துகினு கீறாரு.

— ம்... மதி, அந்தக் குதிரைக்கு இன்னா தீனி போடறாங்க?

— தீனியா?

— சும்மா கேட்டேன். பச்சையா, காஞ்சதா?

— நான் இன்னாத்தக் கண்டேன்! அரமனைய காட்டுன்னு கேப்பீங்கன்னு பாத்தா... இருங்க, இந்தக் கொழாவப் பாருங்க. ரோட்டோரத்துல மலைத் தண்ணி வருது, யாரு வேணா புடிச்சுக் குடிக்கலாம். ஜில்லுனு கீது!

— மலையிலேர்ந்து கால்வா வெட்டியா, பைப்பு போட்டா?

— ஏங்க, ஒங்களுக்கு இன்னிக்கி இன்னா ஆச்சு? அந்தாண்ட யாரப் பாக்கறீங்க?

— பூன.

— நம்ம ஊட்டுல ஏது பூன?

— புதுசா வந்துக்கீது.

— மாமா சாப்ட்டாரா?

— நைனா கழனிக்குப் போய்க்கீறாரு. சொர்ணவாரி நெல்லுக்குத் தண்ணி பாயுது.

— இந்த உச்சி வெயில்லயா? நல்லா போனாரு. ட்ராம் வந்துடுச்சு, ஏறிக்கறேன், கட் பண்ணாதீங்க. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவப் போறேன். அவருக்கு இன்னும் எம்மேல கோவந்தானா?

— உடு மதி.

— எப்டி உடறது? பாஸ்போர்ட்டு வந்த நாள்லேர்ந்து என்னாண்ட ஒரு வார்த்த பேசல. நான் எதிர்லயே நிக்கிறேன், 'விமலு, ஒம் பொண்டாட்டியாண்ட சொல்லு, காப்பி ஆறிப்போச்சு'ங்கறாரு. கெளம்பற அன்னிக்கிக் கால்ல உழுந்தேன், மாட்டப் பாத்துக்கினே நின்னாரு. ஏர்போர்ட்டு வரைக்கும் அழுதுக்கினே போனேன்.

— இப்ப சிரிச்சுக்கினுதான கீற.

— இன்னும் ஒண்ணு கீது. எனக்கு வேல கத்துக் குடுக்கற அம்மா, மூணு மாசம் கூட இரு, பெரிய லைனையும் கத்துக்கினு போங்கறாங்க. நம்ம கம்பெனியும் சரின்னுடுச்சு. கத்துக்கினு வந்தா கும்மிடிப்பூண்டியில நாந்தான் லைன் லீடரு.

— அய்யோ மதி! சரின்னு சொல்லு!

— மாட்டேன்னு சொல்லப் போறேன், நாளைக்கே.

— லூசா நீ?

— மூணு வாரத்துக்கே மூஞ்சத் திருப்பிக்கினாரு. மூணு மாசம்னா எந்த மூஞ்ச வெச்சுக்கினு அந்த ஊட்டுக்குள்ள வருவேன்? ஆசயாத்தான் கீது, ரொம்ப ஆசயா கீது. ஆனா அவரு பேசாம இருக்கறது எனக்குத் தாங்கல. இன்னா, போன அந்தாண்ட திருப்பறீங்க?

— சிக்னலு... சிக்னலு போச்சு.

— சரி, கடைசி ஸ்டாப்பு வந்துடுச்சு. எறங்கி மேட்டுல நடக்கறேன்... அய்யய்யோ, இங்க இன்னா கீது பாருங்க! கொடிங்க! வரிச வரிசயா, கண்ணுக்கு எட்டன மட்டும்! திராட்சங்க!

— தலைநகரம்னு சொன்ன?

— தலைநகரந்தாங்க! ட்ராம் போற ஊருக்குள்ளயே வெள்ளாம! தோ, கீழ காலையில பாத்த சர்ச்சுக் கோபுரம் தெரியுது, இந்தாண்ட கொடி. எடம் இன்னா வெல போவும்! ஆனா பிளாட்டுக் கல்லு ஒண்ணு கூட நடல!

— காய் உட்டுக்கீதா?

— மொளகு சைசுல, பச்சப்பசேல்னு.

— எலையத் திருப்பிக் காட்டு. அடியில பூச்சி கீதா பாரு. வேர்ல மண்ணு செம்மண்ணா, களியா?

— விமலு! நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு நீங்க. பூச்சி பாக்கச் சொல்றது யாரு?

— பூன...

— ஓ! அப்ப அந்தப் பூனையாண்ட சொல்லுங்க: எலையில பூச்சி இல்ல. பழம் பழுக்க மூணு மாசம் ஆவுமாம், இங்க ஒருத்தரு சொல்றாரு. அதப் பாக்க நான் இங்க இருக்க மாட்டேன், அடுத்த வாரம் வந்துடுவேன், கோவப்படாம இருக்கச் சொல்லுங்க.

— மதி, இரு... நைனா, மெதுவா, போன் கீழ உழுந்துடும்! தரேன், தரேன்...

— ஏம்மா இளமதி, காய் புடிச்சு நிக்கிற வெள்ளாமைய உட்டுட்டு யாராச்சும் ஊட்டுக்கு வருவாங்களா? இருந்து, அறுப்பு பாத்துட்டே வா.